இணையத்தளம் எதை நினைவில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

மே 18 போன்ற நாட்களில் எங்கள் மக்கள் செய்தித்தளங்களை ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். முகப்பைக் காட்ட, வழங்கி 10 தடவை தரவுத்தளத்திடம் தகவல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,000 வாசகர்கள் வந்தால் 10,000 கேள்விகள், தளம் திணறும். ஒருமுறை உருவாக்கிய முகப்பை ஒரு நிமிடம் நினைவகத்தில் வைத்து எல்லோருக்கும் கொடுத்தால் 10 கேள்விகளே போதும். இதைத்தான் கேஷ் என்கிறோம்.

இணையச் செயலி எழுதும்போது நான் மூன்றைப் பார்ப்பேன்: உருவாக்க அதிக நேரம் எடுக்குமா? அடிக்கடி மாறுமா? எல்லோருக்கும் பொதுவானதா?

தரவுத்தள இணைப்புகளைச் செயலி தொடங்கும்போதே உருவாக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மாவட்டப் பட்டியல் போல அரிதாக மாறுவதை, முதலாமவர் கேட்கும்போது உருவாக்கி வைத்தால் போதும். செய்தியைத் திருத்தினால் பழைய பிரதியை உடனே அழிக்க வேண்டும். இல்லையேல் திருத்திய பிறகும் பிழையான செய்தியே வாசகரிடம் போகும்.

ஒருவருக்கு மட்டும் உரியதைப் பொதுக் கேஷில் வைக்கவே கூடாது. 2015 நத்தார் தினத்தன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் கேஷ் அமைப்புத் தவறியது. சுமார் 34,000 பேரின் தனிப்பட்ட விபரங்கள் கொண்ட பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் நிரப்பும் படிவம் அப்படி இன்னொருவர் திரையில் தெரிந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே உருவாகட்டும். சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை.