ஒற்றியா, குத்தகையா? ஒரு சொல்லின் விலை

தொண்டைமானாற்றுக்கு முதன்முதலில் ஆணியும் கயிறும் கொண்டுபோன நாளில், ஆறு எங்கே என்று கண்ணால் தேடினேன். அங்கே இருப்பது கடல்நீரேரி. கருணாகரத் தொண்டைமான் என்ற சோழர் படைத் தளபதி அந்த நீர்வழியை வெட்டித் திருத்தினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. தொண்டைமானாறு, தொண்டமானாறு, தொண்டமனாறு என்று ஊர்ப் பெயரையும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். இதனால் யாருக்கும் நட்டமில்லை. பஸ்காரர் சரியான இடத்தில்தான் இறக்கி விடுகிறார்.

ஆனால் வியாபாரத்தில் ஒரு சொல் பிசகினால் பணம் போகும். அதை எனக்குக் கற்றுத் தந்ததும் இதே ஊர்தான்.

சில வருடங்களுக்கு முன் சாமான் வைக்க அங்கே ஓர் அறை தேடினேன். ஒருவர் தன் கட்டடத்தைத் தருவதாகச் சொன்னார். மூன்று இலட்சம் ரூபா கொடுக்க வேண்டும், மாத வாடகை இல்லை, மூன்று வருடம் முடிந்து வெளியேறும்போது பணம் திரும்பக் கிடைக்கும். இதை அவரும் "குத்தகை" என்றார், நானும் "குத்தகை" என்றேன். எழுதுபவரும் "மூன்று வருடக் குத்தகைப் பணம் பெற்றுக்கொண்டேன்" என்று நகல் எழுதிவிட்டார்.

அயலில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நகலைக் காட்டினேன்.

"தம்பி, காசு திரும்பி வருமெண்டு இதிலை எங்கை கிடக்கு?"

"அப்படித்தான் ஐயா பேசிக்கொண்டோம்."

"பேசினது காத்தோடை போயிடும். நீர் சொல்லுறது ஒற்றி. எழுதியிருக்கிறது குத்தகை. குத்தகைக் காசு திரும்பி வராது."

கட்டடக்காரர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். ஆனால் நாளை அவர் இல்லாமற்போனால், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் எங்கள் பேச்சையா பார்ப்பார்கள்? கடதாசியைத்தான் பார்ப்பார்கள்.

ஒற்றி யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கம். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்தில் 1806இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையிலும் அது உண்டு. பணம் கொடுத்தவர், வட்டிக்குப் பதிலாகக் காணியை அனுபவிப்பார். ஆசிரியர் இப்படி விளக்கியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குத்தகை என்ற சொல்லுக்குள் வட்டி ஒளிந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். அதன் பிறகு மாத வாடகை வேறு, திருப்பித்தர வேண்டிய பிணைப்பணம் வேறு என்று பிரித்து, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினோம். 1840ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் காணி அடைமானத்துக்கும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் சட்டம் இப்படித்தான் கேட்கிறது.

பஸ்ஸில் "கர்ப்பிணித் தாய்மார்" என்பது "நாய்மார்" ஆகிவிட்டதைக் கண்டு சிரித்தோம், கோபப்பட்டோம். நம் கடைகளில் எழுதி வைத்திருப்பது என்ன?

முற்பணம் என்பது விலையில் கழிக்கப்படுவது. பிணைப்பணம் திருப்பிக் கொடுக்கப்படுவது. இரண்டையும் "அட்வான்ஸ்" என்றே சொல்லிப் பிறகு சண்டை பிடிக்கிறோம்.

"50 வீதம் கழிவு" என்றால் எல்லாப் பொருளுக்கும் பாதி விலை. "50 வீதம் வரை" என்றால் அப்படியல்ல. "வரை"யை விழுங்குவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். வெறுமனே "கழிவு விற்பனை" என்று பலகை மாட்டினால், குப்பை விற்கிறோம் என்றும் பொருள்படும். விலைக்கழிவு என்று எழுதலாமே.

மாலையில் லாச்சியை எண்ணி "இன்றைய லாபம்" என்கிறோம். அது விற்பனைப் பணம். சரக்கின் விலை, வாடகை, சம்பளம் போனபின் மிஞ்சுவதே லாபம். விற்பனையை லாபமென்று நம்பி வீட்டுக்குச் செலவழித்து, கடையை மூடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

அன்று ஆசிரியருக்கு ஏதாவது கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. என் பில் புத்தகத்தைக் கேட்டார். எல்லாத் தாளிலும் "பற்றுச்சீட்டு" என்று அச்சிட்டிருந்தேன், கடனுக்குக் கொடுத்த சரக்குக்கும் அதுதான்.

"பற்றுச்சீட்டு எண்டால் காசு பெற்றதுக்குச் சாட்சி. கடனுக்குச் சாமான் குடுத்துப்போட்டு, காசு வந்ததெண்டு எழுதிக் குடுக்கிறீரே தம்பி!"

பதினைந்து வருடமாக என் கடன்காரர்களுக்கெல்லாம் நானே விடுதலைப் பத்திரம் கொடுத்து வந்திருக்கிறேன். அவர்கள் நல்லவர்களாக இருந்ததால் தப்பினேன், அல்ஹம்துலில்லாஹ். இப்போது கடனுக்கு "விலைப்பட்டியல் - கடன் விற்பனை", காசு கைக்கு வந்த பிறகே "பற்றுச்சீட்டு" என்று இரண்டு புத்தகம் வைத்திருக்கிறேன்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம், ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைக்கும்படி பணிக்கிறது. எழுதத்தான் செய்கிறோம். சரியான சொல்லால் எழுதுகிறோமா? வியாபாரச் சகோதரர்களே, இன்றிரவு கடையைப் பூட்டுமுன் உங்கள் பில் புத்தகத்தின் தலைப்பை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.