பயிற்சிக் காணொளி 97 விழுக்காட்டில் நின்றுவிட்டதா? என்ன செய்யலாம்?

நாளை கடைசி நாள். இணையவழிப் பயிற்சியில் இன்னும் 2 காணொளிகள் பாக்கி. 'பிளே' பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "யூடியூப் மட்டும் நல்லா ஓடுதே, இது ஏன் ஓடல?" என்று எரிச்சல் வருகிறதா?

அதுவே நல்ல துப்பு. யூடியூப்பும் திணறினால் வைஃபையைச் சந்தேகிக்கலாம். பயிற்சித் தளம் மட்டும் அடம்பிடித்தால், கோளாறு பெரும்பாலும் உலாவியிலோ அந்தத் தளத்திலோ இருக்கும்.

சிங்கப்பூரில் இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கட்டணச் சலுகை உள்ள பயிற்சிகளில் பொதுவாகக் குறைந்தது 75 விழுக்காடு வருகை தேவை. மதிப்பீட்டிலும் தேர்ச்சி பெறவேண்டும். காணொளிப் பாடங்களை நீங்கள் முடித்தீர்களா என்பதைத் தளத்தின் பதிவுதான் சொல்லும்.

வைஃபை எங்கே இருக்கிறது?

காணொளி ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடித் துண்டுகளாக வருகிறது. அடுத்த துண்டு வரத் தாமதமானால் வட்டம் சுற்றும். தரத்தை 1080-இலிருந்து 480-க்குக் குறைத்தால் துண்டுகள் சிறிதாகிவிடும். ஸ்லைடு பார்க்க அது தாராளம்.

வீவக வீட்டில் ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள் வைத்திருக்கிறீர்களா? தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சமிக்ஞையை அப்படியே விழுங்கும். வெளியே எடுத்து வையுங்கள். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறலாம். அது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் மந்தம். கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டிலும் ஒருமுறை முயலுங்கள். அதில் ஓடினால் குற்றவாளி வீட்டு வைஃபைதான்.

அலுவலக மடிக்கணினி என்றால் விபிஎன் மீது ஒரு கண் வையுங்கள். நிறுவனப் பாதுகாப்பு அமைப்பு காணொளித் தளங்களைத் தடுப்பது சகஜம்.

உலாவியில் என்ன பார்ப்பது?

இன்காக்னிட்டோ சாளரத்தில் பாடத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால், விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோ ஒரு நீட்சியோ பழைய குக்கீயோதான் இடைஞ்சல். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் கண்டுபிடிக்கலாம்.

சத்தம் கேட்கிறது, படம் மட்டும் கறுப்பு? உலாவி அமைப்பில் 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்பதை அணைத்துவிட்டு உலாவியை மீண்டும் திறங்கள். திரையைப் பகிர்ந்துகொண்டிருந்தாலும் இப்படி ஆகும். நகலெடுப்பைத் தடுக்கும் காணொளிகள் அப்போது வேண்டுமென்றே கறுப்பாகிவிடும்.

படம் ஓடுகிறது, சத்தம் இல்லை என்றால் புளூடூத்தைப் பாருங்கள். பக்கத்து அறையில் கிடக்கும் இயர்பட்ஸில் ஆசிரியர் பேசிக்கொண்டிருப்பார்! (எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும்.)

முழுசா பார்த்தும் 'முடிக்கவில்லை' என்கிறதா?

வயிற்றெரிச்சல் இதுதான். நீங்கள் எதுவரை பார்த்தீர்கள் என்ற தகவலை உலாவி அவ்வப்போது தளத்துக்கு அனுப்பும். சில பாடங்கள் கடைசி விநாடியிலோ, 'வெளியேறு' பொத்தானை அழுத்தும்போதோதான் அனுப்பும். நன்றி சொல்லும் காட்சி வந்ததும் சாளரத்தை மூடினால் தகவல் போய்ச் சேராது. 97-இல் நிற்பதற்கு இது அடிக்கடி காரணம்.

ஒரே பாடத்தை 2 தாவல்களில் திறக்காதீர்கள். பழைய தாவலின் பதிவு புதியதை அழித்துவிடலாம். இருமடங்கு வேகத்தில் ஓட்டுவதையும் தாவித் தாவிப் பார்ப்பதையும் சில தளங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நீண்டநேரம் அப்படியே விட்டிருந்தால் தளம் சத்தமில்லாமல் உங்களை வெளியேற்றியிருக்கும். காணொளி ஓடும், பதிவு நடக்காது. ஆகவே மறுபடி உள்நுழைந்து, கடைசிச் சில நிமிடங்களை மட்டும் சாதாரண வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? கெடு முடிவதற்கு முன்பே பயிற்சி நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "வீடியோ ஓடல" என்று மட்டும் எழுதினால் பதிலுக்கு 10 கேள்விகள் வரும். எந்தப் பாடம், எத்தனையாவது நிமிடம், எந்தச் சாதனம், எந்த உலாவி, நீங்கள் ஏற்கனவே முயன்றவை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் இணைத்தால், தாமதத்துக்குக் காரணம் கேட்கும்போது காட்ட உங்களிடம் ஆதாரமும் இருக்கும்.