புனித சுல்பீசுக் கோயிலின் கதிரவன் கோடு

பாரிசு மாநகரிலே, சேன் ஆற்றின் தென்கரைப் பகுதியிலே, ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு கோபுரங்களைத் தாங்கி நிற்கின்றது புனித சுல்பீசுக் கோயில். அது ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில். ஆயினும் அளவிலும் அமைப்பிலும் நோத்திர தாம் பேராலயத்தை அடுத்து வைத்து எண்ணத்தக்க பெருமை வாய்ந்தது. அதன் தளத்திலே வடக்குத் தெற்காக மெல்லிய பித்தளைக் கோடொன்று பதிக்கப்பட்டுள்ளது. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டா வின்சி கோட்' என்னும் ஆங்கில நாவல், இக்கோட்டினைப் பழைய புறச்சமயக் கோயிலொன்றின் எச்சம் எனவும் இரகசியச் சங்கமொன்றின் அடையாளம் எனவும் சித்திரித்தது. அதனைப் படித்தோர் பல்லாயிரவர் அக்கோட்டைக் காணச் சென்றனர். கோடு எதற்காக இடப்பட்டது என்பதை ஆராய்ந்தால், நாவலாசிரியரின் கற்பனையினும் சுவைமிக்கதோர் உண்மை புலனாகும்.

பூர்சு நகரின் ஆயராய் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுல்பீசியர் என்னும் அடியாரின் பெயரால் அவ்விடத்தில் முன்னரே ஒரு சிறு கோயில் இருந்தது. 1642 இல் பங்குக் குருவாகப் பொறுப்பேற்ற ஒலியே என்பவர், பெருகிவரும் மக்கட்டொகைக்கு அது போதாதெனக் கண்டு புதிய கோயிலொன்றைத் தொடங்கினார். 1646 ஆம் ஆண்டு, பாலகனாயிருந்த பதினான்காம் உலூயி மன்னனின் தாயாகிய அரசி ஆன், அதற்கு அடிக்கல் நாட்டினாள். கமார், இலெ வோ, தானியேல் கித்தார் ஆகிய சிற்பிகள் ஒருவர்பின் ஒருவராகப் பணியாற்றினர். ஆயினும் 1678 அளவிற் பொருள் தட்டுப்பட, வேலை நின்றுபோயிற்று. பீடப் பகுதி எழுந்திருந்தது, நடுமண்டபம் எழவில்லை. நாற்பது ஆண்டுக் காலம் கோயில் அந்நிலையிலேயே கிடந்தது.

அதனை மீண்டும் எழுப்பியவர், 1714 இற் பங்குக் குருவான இலாங்கே த சேர்சி என்பவராவர். இவர் 1719 இல் வேலையைத் தொடங்கி, நன்கொடை திரட்டியும் அதிட்டலாபச் சீட்டு நடத்தியும் பொருளீட்டினார். முகப்பின் அமைப்பிற்காக 1732 இல் நடந்த போட்டியில், புளோரென்சு நகரிற் பிறந்த சேர்வாந்தோனி வெற்றி பெற்றார். அவர் நாடக மேடைக் காட்சிகளை அமைப்பதிற் பெயர் பெற்றவர். கீழ்நிலையிலே தோரிக்குத் தூண்களும் மேல்நிலையிலே அயோனிக்குத் தூண்களுமாக ஈரடுக்கிற் பரந்து நிற்கும் அவரது முகப்பு, அக்காலத்து அலங்கார மிகுதிக்கு மாறாக உரோமர் கட்டடங்களின் எளிய கம்பீரத்தை நாடியது. 1745 இற் கோயில் அபிடேகம் செய்யப்பட்டது. கோபுர வேலை அதன் பின்னரும் தொடர்ந்தது. 1777 முதல் 1780 வரை சால்கிறான் என்னும் சிற்பி வடகோபுரத்தைத் திருத்தியமைத்தார். தென்கோபுரத்தை அதற்கு இணையாக்குமுன் 1789 இன் புரட்சி வந்துவிட்டது. ஆகவே தென்கோபுரம் இன்றும் ஏறத்தாழ ஐந்து மீற்றர் குட்டையாகவே நிற்கின்றது.

உள்ளே நோக்குமிடத்து, சிலுவை வடிவமான தரையமைப்பு, பக்கச் சிறுகோயில்கள், பீடத்தின் பின்னாகச் சுற்றிவரும் நடைவழி ஆகியன இடைக்காலத்துப் பேராலயங்களின் வழிவந்தன. அவற்றின்மேல் எழுந்த உருளை வடிவ வளைகூரையும் அரைவட்ட வளைவுகளும் கொறிந்தியப் போதிகையுடைய அரைத்தூண்களும் உரோமமுறையைச் சார்ந்தன. பழைய உடலுக்குப் புதிய ஆடை உடுத்தியது போன்றது இவ்வமைப்பு. கோயிலின் நீளம் 110 மீற்றருக்கு மேற்பட்டது. வடக்குத் தெற்காக நீண்டுள்ள குறுக்குக் கை ஏறத்தாழ 57 மீற்றர் நீளமுடையது. பித்தளைக் கோடு இருப்பது இக்குறுக்குக் கையிலேயே.

இனி, கோட்டின் காரணத்தைக் காண்போம். கிறித்தவரின் தலையாய திருநாளாகிய உயிர்த்த ஞாயிறு ஆண்டுதோறும் ஒரே திகதியில் வருவதன்று. இளவேனிற் சமவிராநாளை, அஃதாவது பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளை, மார்ச்சு 21 எனக் கொண்டு, அன்றோ அதன் பின்னரோ வரும் முதற் பூரணைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அத்திருநாளாகும். பழைய யூலியன் நாட்காட்டியின் ஆண்டு, உண்மையான ஆண்டிலும் ஏறத்தாழ 11 நிமிடம் நீண்டது. அச்சிறு பிழை நூற்றாண்டுதோறும் திரண்டமையால், பதினாறாம் நூற்றாண்டில் வானத்துச் சமவிராநாள் மார்ச்சு 11 அளவிற்கு வந்துவிட்டது. 1582 இற் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் பத்து நாள்களை நீக்கி நாட்காட்டியைத் திருத்தினார். திருத்திய கணக்கு வானத்தோடு ஒத்துச் செல்கின்றதா என்று பார்ப்பதற்கு உயர்ந்த கூரையும் இருண்ட உள்ளிடமும் அசையாத தளமும் உடைய பெருங்கோயில்கள் மிகவும் ஏற்றவை. 1655 இல் இத்தாலியின் பொலோனா நகரப் பெருங்கோயிலிற் கசீனி என்னும் வானியலறிஞர் இத்தகைய கோடொன்றை இட்டார்.

இலாங்கே த சேர்சி இதனையே தம் கோயிலிலும் விரும்பினார். 1727 இல் இப்பணியை ஏற்ற ஆங்கிலேயக் கடிகார நிபுணர் என்றி சலி அடுத்த ஆண்டில் இறந்தார். 1743 இற் பியேர் இலெ மொனியே என்னும் வானியலறிஞர் அதனை நிறைவேற்றினார். குறுக்குக் கையின் தென்சுவரிலுள்ள சாளரத்தை மறைத்து, ஏறத்தாழ 25 மீற்றர் உயரத்திலே சிறு துளையொன்று விடப்பட்டது. அத்துளை வழியாகப் புகும் கதிர், தளத்திலே வட்டமான ஒளிப்படிவமாக விழும். கதிரவன் கிழக்கிருந்து மேற்கே செல்ல, ஒளிவட்டம் மேற்கிருந்து கிழக்கே நகரும். அது பித்தளைக் கோட்டைக் கடக்கும் கணமே அவ்விடத்தின் உண்மையான உச்சிவேளை. கோட்டின் எப்பகுதியிற் கடக்கின்றது என்பது ஆண்டின் எக்காலம் என்பதைக் காட்டும்.

உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். பாரிசு வடஅகலக்கோடு ஏறத்தாழ 48.85 பாகையில் உள்ளது. எனவே சமவிராநாளின் உச்சியிற் கதிரவனின் ஏற்றம் 41.15 பாகை. துளையின் உயரத்தை அக்கோணத்தின் தான்சனால் வகுக்க, ஒளிவட்டம் துளையின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 28.6 மீற்றர் தூரத்தில் விழும் என்பது பெறப்படும். பீடத்தின் அருகே பதித்துள்ள நீள்வட்டச் செப்புத்தகடு அவ்விடத்தையே குறிக்கின்றது. கதிரவன் வட எல்லையைத் தொட்டுத் திரும்பும் யூன் மாதத்து நாளில் ஏற்றம் 64.6 பாகை, தூரம் ஏறத்தாழ 12 மீற்றர். அங்கே ஒரு சலவைக்கல் பதிக்கப்பட்டுள்ளது. தென் எல்லையைத் தொடும் திசெம்பர் நாளிலோ ஏற்றம் 17.7 பாகை மாத்திரமே. தூரம் 78 மீற்றராகிவிடும். குறுக்குக் கையின் நீளமோ 57 மீற்றர். இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு தீர்ப்பது? வடசுவரின் அருகே, ஏறத்தாழ 11 மீற்றர் உயரமுள்ள கூர்நுனி வெண்சலவைக் கற்றூணொன்றை நிறுத்தி, தளத்துக் கோட்டை அதன்மேல் நிமிர்த்திவிட்டனர். மாரிக்காலத்து ஒளிவட்டம் தளத்தை விட்டுத் தூணிலே ஏறும். நாவல் படித்தோர் மருமம் எனக் கண்டு வியந்த கற்றூண், இடப்பற்றாக்குறைக்குக் கேத்திரகணிதம் கண்ட விடையேயாகும்.

இக்கருவி திருநாட் கணிப்போடு அமையவில்லை. பூமியின் அச்சுச் சரிவு நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 47 விகலை குறைந்து வருகின்றது. அதனாற் கோடைகாலத்து ஒளிவட்டம் ஒரு நூற்றாண்டில் ஏழு மில்லிமீற்றர் அளவே இடம்பெயரும். இத்துணைச் சிறிய மாற்றத்தை அறியும்பொருட்டு இலெ மொனியே பல்லாண்டுகள் இக்கோயிலிலே அவதானங்கள் செய்தார். வழிபாட்டுக்காகக் கட்டிய தளம் வானாராய்ச்சிக் கூடமாகவும் பயன்பட்டது.

புரட்சிக் காலத்திற் கோயில் வழிபாட்டை இழந்தது. பின்னர் அது வெற்றித் தேவியின் ஆலயம் எனப் பெயர் பெற்றது. 1799 நவம்பர் 6 ஆம் நாள் நெப்போலியனுக்கு அங்கே பெருவிருந்தொன்று அளிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து அவன் ஆட்சியைக் கைப்பற்றினான். அக்காலத்திலே கற்றூணின் கல்வெட்டிலிருந்த மன்னன் பெயரும் அமைச்சர் பெயர்களும் சுரண்டப்பட்டன. ஆயின் கோட்டை எவரும் பெயர்க்கவில்லை. அரசர் பெயர் அழிந்தது, அளவுகோல் எஞ்சியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோயில் மீண்டும் கலைகளின் இருப்பிடமாயிற்று. தெலக்குருவா தூதர் சிறுகோயிலில் வரைந்த சுவரோவியங்கள் 1861 இல் முற்றுப்பெற்றன. 1862 இற் கவாயே கொல் புதுப்பித்த பேரோர்கன், ஐந்து விசைவரிசைகளையுடையது. அதனை விதோர் என்னும் இசையறிஞர் 1870 முதல் 1933 வரை ஏறத்தாழ அறுபத்துநான்கு ஆண்டுகள் இசைத்தார். 2019 ஏப்பிரலில் நோத்திர தாம் பேராலயம் தீக்கிரையானபோது, அங்கு நிகழவேண்டிய பெருவழிபாடுகள் பல இப்பங்குக் கோயிலுக்கே வந்தன.

இனி நாவலின் கூற்றுக்கு வருவோம். பாரிசு உச்ச நெடுங்கோடு இக்கோயிலின் கோட்டோடு ஒன்றன்று. அது கிழக்கே ஏறத்தாழ நூறு மீற்றர் அப்பாற் செல்கின்றது. குறுக்குக் கையின் சாளரங்களிற் காணப்படும் 'பி', 'எசு' என்னும் எழுத்துக்கள் இரகசியச் சங்கத்தின் பெயரைச் சுட்டுவன அல்ல. கோயிலின் காவலராகிய பியேர், அஃதாவது பேதுரு, சுல்பீசு ஆகிய இருவரின் முதலெழுத்துக்களே அவை. கோயிலார் இவற்றை விளக்கி அறிவித்தலொன்று வைக்க நேர்ந்தது. எவரும் பார்க்குமாறு தளத்தின் நடுவே பதித்த கோட்டை ஒளித்துவைத்த மறைபொருளாகக் கருதியது விந்தையே.

வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணித பஞ்சாங்கத்திற்கும் இடையே திருநாள் வேறுபடுவதைக் கண்டு பழகிய நமக்கு, இலாங்கே த சேர்சியின் கவலை அந்நியமானதன்று. விரதமும் விழாவும் உரிய நாளில் நிகழவேண்டுமெனின் வானத்தை நோக்கவேண்டும், நோக்கியதை அளக்கவேண்டும், அளந்ததிற் பிழை கண்டாற் கணக்கைத் திருத்தவேண்டும். பத்தி மிக்க ஒருவர் அளவையை அஞ்சவில்லை. அதனைத் தம் கோயிலின் நடுவிலேயே பதித்து வைத்தார். நம் பழைய மாணவர் பாரிசிலும் வாழ்கின்றனர். அவர்கள் வெயிலுள்ள ஒரு நாளில் அங்கே சென்று காத்திருப்பாராக. கைக்கடிகாரம் மாரிக்காலத்தில் ஒரு மணியை அண்மியும் கோடையில் இரண்டு மணியை அண்மியும் நிற்கும்பொழுதே அவ்விடத்தின் மெய்யான உச்சிவேளை வரும். அப்பொழுது ஒளிவட்டம் கோட்டைக் கடப்பதைத் தம் கண்ணாற் காணலாம்.