பொனட்டின் நடுவே நான்கு மில்லிமீற்றர்

மொறிஸ் மைனர் காரின் முன்னால் நின்று பொனட்டைப் பார்த்தால், நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான ஒரு பட்டி தெரியும். அழகுக்காக வைத்த பட்டி என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். கார் சந்தைக்கு வருவதற்குச் சற்று முன்பு, அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு அதன் அகலம் போதவில்லை என்று பட்டது. முன்னோட்டக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்ததில், 4 அங்குல இடைவெளியில் கண்ணுக்குப் பொருந்தி வந்தது. அந்த 4 அங்குலத்தை அடைக்க வந்ததுதான் பொனட்டில் இருக்கும் பட்டி. பம்பர்கள் ஏற்கெனவே பழைய அகலத்துக்குத் தயாராகியிருந்ததால், ஆரம்பகாலக் கார்களில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுத்துண்டு வைத்தார்கள். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் அந்த உருவத்தோடுதான் உலகுக்கு அறிமுகமானது.

அந்தக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சிறிதாக்கிச் செய்தால் பட்டியின் அகலம் 4 மில்லிமீற்றர் சொச்சம். அதை விட்டுவிட்டால், மற்ற எல்லாம் சரியாக அமைந்தாலும் பார்ப்பவர் 'ஏதோ ஒரு பழைய கார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். சரியாக வந்தால், தூரத்திலிருந்தே 'மொறிஸ் மைனர்!' என்பார். மாதிரிக் கார் செய்யும் கலை இந்த மாதிரியான நான்கு மில்லிமீற்றர்களைக் கண்டுபிடிப்பதில்தான் தொடங்குகிறது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று ஏறி மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி, கார் பார்க்கப் பழகிய கண்ணுக்கு நல்ல பள்ளிக்கூடம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட நாடு இது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. ஆகவே மற்ற நாடுகளில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட வண்டிகளை இங்கே பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டினார்கள். மொறிஸ் மைனரும் இ.போ.ச. பஸ்ஸும் டிமோ பட்டாவும் கொழுந்து லொறியும் ஒரே வளைவில் ஒன்றுக்கொன்று வழிவிடும் நாடு உலகில் அதிகம் இருக்காது.

மாதிரிக் கார்ப் பொழுதுபோக்கில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு சாரார் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்து, வர்ணமடித்து, முடிந்த பொருளாக வரும் கார்களைச் சேகரிப்பவர்கள். மற்றவர்கள் பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வர்ணம் தீட்டி, தாமே காரை உருவாக்குபவர்கள். பின்னதைத்தான் 'கிட்' கட்டுவது என்பார்கள். இரு தரப்புக்கும் பொது மொழி அளவுத்திட்டம். பாடசாலைப் புவியியல் வரைபடத்தில் படித்த அதே சங்கதிதான். 1/24 என்றால் நிஜக் காரின் ஓர் அடி மாதிரியில் அரை அங்குலம். 3.76 மீற்றர் நீளமான மொறிஸ் மைனர் 1/24இல் ஏறத்தாழ 15.7 சென்டிமீற்றர், 1/43இல் 8.7, உள்ளங்கைக்குள் மறையும் 1/64இல் 6 சென்டிமீற்றருக்கும் குறைவு.

இங்கிலாந்தின் எயர்ஃபிக்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் மாதிரிக்கு வந்த கதை தோட்டப்புறத்தாருக்குப் பிடிக்கும். அவர்களுடைய முதல் மாதிரி விமானமோ பந்தயக் காரோ இல்லை. 1940களின் இறுதியில் ஃபெர்குசன் டிரக்டர் விற்பனைப் பிரதிநிதிகள் கையில் கொடுப்பதற்காகச் செய்த சின்ன டிரக்டர் அது. முழுதாகப் பொருத்திக் கொடுப்பதைவிடத் துண்டுகளாகக் கொடுப்பது மலிவு என்று கண்டுகொண்டபோது கிட் பிறந்தது. அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல் வேறொரு வழியைத் திறந்தது. ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய பாகங்களைப் போட்டு விற்றது: தொழிற்சாலையில் வந்தபடியே கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தய வண்டியாகவும் கட்டலாம். எப்படிக் கட்டினாலும் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சிய சில்லும் கண்ணாடிச் சட்டமும் ஒரு பெட்டியில் சேர, அதை நண்பர்கள் மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். இன்றும் மாதிரி கட்டுபவர்கள் இருவர் சந்தித்தால் முதலில் திறப்பது உதிரிப் பெட்டியைத்தான்.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946இல் மர ஆலையாகத் தொடங்கிய டமியா, நுணுக்கத்தில் வைக்கும் கவனத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 1/12 அளவில் போர்ஷே செய்வதற்காக அந்நிறுவனத்தின் ஷுன்சாகு டமியா உண்மையான ஒரு போர்ஷே 911ஐ விலைக்கு வாங்கி, கடைசி ஆணிவரை கழற்றி அளந்தார். மீண்டும் பூட்ட போர்ஷே மெக்கானிக்குகளின் உதவி தேவைப்பட்டது. பொம்மை செய்யவா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். அந்தப் பெட்டியைத் திறந்து கட்டியவர் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்.

இறக்குமதித் தடை இந்தப் பொழுதுபோக்கின் வரைபடத்தையே மாற்றியிருக்கிறது. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் செய்த டிங்கி கார்கள் இந்தியக் கடைகளுக்கு எளிதில் வர முடியாத காலத்தில், அவற்றின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்குப் போயின. அங்கே 'டிங்கி' என்ற பெயரை மாற்றி 'நிக்கி டாய்ஸ்' என்று கார்கள் வார்க்கப்பட்டன. அன்று பையன்கள் தரையில் உருட்டிய அந்தக் கார்களைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

தோட்ட லயங்களில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. மீன் டின் உடல், பாட்டா செருப்பை வட்டமாக வெட்டிய சில்லு, குடைக் கம்பி அச்சு, இஸ்தோப்பிலிருந்து வாசல் வரை இழுத்துப்போக ஒரு கயிறு. அதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுவது தவறு. முன்சில்லு இரண்டும் சேர்ந்து திரும்ப ஓர் இணைப்புக் கம்பி வேண்டும் என்று கண்டுபிடித்த பையன், ஸ்டியரிங் பொறிமுறையைப் புத்தகம் இல்லாமல் படித்துவிட்டான். அவனுக்கும் டமியா பெட்டியைக் கட்டுகிறவனுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் பணம்தான்.

அமெரிக்காவில் அந்தத் தூரத்தைக் குறைத்த ஒரு திட்டம் இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸின் ஃபிஷர் பொடி பிரிவு 1930இல் பதின்ம வயதினருக்காக ஒரு கைவினைப் போட்டியை ஆரம்பித்தது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி. 1937 முதல் சொந்தக் கற்பனையில் மாதிரிக் காரும். பெட்டியில் வந்த பாகம் எதுவும் கிடையாது. மரத்துண்டைச் செதுக்கி, தேய்த்து, வர்ணமடித்து அனுப்ப வேண்டும். பரிசு, பல்கலைக்கழகப் படிப்புக்கான புலமைப்பரிசில். 1947இல் அதில் முதலிடம் பெற்ற சக் ஜோர்டன், 1986இல் ஜெனரல் மோட்டர்ஸின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவரானார். போட்டி 1968 வரை நடந்தது. இங்கே தோட்டப் பாடசாலைகளின் கண்காட்சிகளில் பிரிஸ்டல் போர்டால் பஸ் செய்துவைக்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்தக் கைக்கு அடுத்த படி ஒன்று இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் உறுதியான எண்ணம்.

செலவைப் பற்றிய பயமும் பாதி தேவையற்றது. கிட்டின் பாகங்கள் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். யோகட் கோப்பைகளில் பலவும் அதே பொருள்தான். பார்சலுக்குள் வரும் ரெஜிபோம், பொங்கவைத்த அதே பொலிஸ்டைரீன். கோப்பையை வெட்டி விரித்தால் மட்கார்ட் செய்ய மெல்லிய தகடு கிடைக்கும். சட்டைப் பெட்டியின் கண்ணாடி மூடி முன்கண்ணாடியாகும். கிட் பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, படாமல், மெல்லச் சுழற்றினால் நடுப்பகுதி இளகிப் பளபளக்கும். அந்தக் கணத்தில் சுடரை விட்டு எடுத்து இரு கையாலும் நிதானமாக இழுத்தால், தலைமுடி அளவு நூல் நீளும். ஆறியதும் நறுக்கினால் வானொலி அன்டெனா தயார். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். தயங்கினால் தடிப்பாக நின்றுவிடும்.

ஒட்டுவதிலும் நுணுக்கம் உண்டு. பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை, இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதனால் ஒரு துளி கூடினாலும் கதவில் விரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். சுப்பர் குளூவைக் கண்ணாடிக்குக் கிட்டவே கொண்டுபோகக்கூடாது. அதன் ஆவி படிந்து முன்கண்ணாடி வெண்மூட்டம் போட்டுக்கொள்ளும். அங்கே தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும்; காய்ந்தால் தெளிந்துவிடும், வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். ரெஜிபோமில் உடல் செய்தவர்கள் அதற்கு மேல் நேரே ஸ்பிரே அடித்தால், தின்னர் பட்ட இடமெல்லாம் குழிவிழுந்து கரையும். முதலில் வெள்ளைப் பசையை இரண்டு பூச்சு பூசிக் காயவிட்ட பிறகே வர்ணம்.

வர்ணம் என்றதும் சப்ரகமுவ மழை குறுக்கே வருகிறது. காற்றில் ஈரம் கூடியிருக்கும்போது லெக்கர் அடித்தால், கரைப்பான் விரைந்து ஆவியாவதால் மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிந்து, பளபளப்புக்குப் பதில் பால்போல் வெளுத்த பூச்சு மிஞ்சும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை கட்டும் ஊரில், ஸ்பிரே அடிக்க வேண்டியது வெயில் ஏறிய காலைதான். பூச்சின் தடிப்பும் முக்கியம். நிஜக் காரின் வர்ணம் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1/24இல் அந்தத் தடிப்பை எந்தக் கையாலும் பூச முடியாது. கதவிடுக்கு நிஜத்தில் 5 மில்லிமீற்றர் என்றால் மாதிரியில் 0.2. கொஞ்சம் கூடுதலாக அடித்தாலும் கதவு இருந்த தடயமே மறைந்துவிடும். அதனால் வர்ணத்துக்கு முன்பே கத்தி அலகின் முதுகுப்பக்கத்தால் கதவுக் கோட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப இழுத்து ஆழமாக்கிக்கொள்கிறார்கள். இரத்தினபுரி மாவட்டத்துக்கு இங்கே ஓர் அனுகூலம்: மாணிக்கக்கல் தொழில் நடக்கும் ஊர்களில் பத்து மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடியும் நுனி கூர்ந்த இடுக்கியும் புதுமையான பொருள்கள் இல்லை.

ஈரம் சேகரிப்பாளரையும் விடாது. பழைய வார்ப்புக் கார்களின் துத்தநாகத்தில் ஈயம் கலந்திருந்தால் உள்ளிருந்தே வெடித்து உதிரும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி யாரிடமாவது இருந்தால் அலுமாரியின் வறண்ட தட்டில் வைப்பது நல்லது.

இந்தக் கலைஞர்களின் உலகச் சங்கம், சர்வதேச பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கம், பிரித்தானியாவில் 1963இல் பிறந்தது. இன்று பல நாடுகளில் கிளைகள். ஒவ்வொரு நவம்பரிலும் இங்கிலாந்தின் டெல்ஃபர்டில் பெருங்கண்காட்சி. அப்படியான போட்டிகளில் நடுவர்கள் முதலில் தேடுவது ஆடம்பரத்தை இல்லை. நான்கு சில்லும் தரையைத் தொடுகின்றனவா, ஒட்டிய தழும்பு தெரிகிறதா, முன்னிருந்து பார்த்தால் கார் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். விலையுயர்ந்த கிட்டை அவசரமாகக் கட்டியவர் தோற்பார். மலிவானதை ஒழுங்காகக் கட்டியவர் ஜெயிப்பார். போட்டிக்கு வெளியே, அமெரிக்கரான மைக்கல் போல் ஸ்மித் 1/24 கார்களையும் தன் கையால் கட்டிய வீடுகளையும் ஒரு மேசையில் அடுக்கி, பின்னால் நிஜ வீதியும் மரங்களும் தெரியும்படி சாதாரண கமராவில் படமெடுத்தார். எல்ஜின் பார்க் என்று பெயரிட்ட அந்தக் கற்பனை ஊரின் படங்களில் எது பொம்மை, எது நிஜம் என்று கண் திணறும்.

கொழுந்து லொறிக்கோ, மலைவீதியில் மூச்சிறைக்க ஏறும் இ.போ.ச. லேலண்ட் பஸ்ஸுக்கோ பெரிய நிறுவனங்களின் பட்டியலில் கிட் தேடிக் களைக்கத் தேவையில்லை. அவற்றைச் செய்ய வேண்டியவர்கள் அவற்றோடு வாழ்பவர்கள்தான். முன், பின், பக்கம் என்று நேராக, கொஞ்சம் தள்ளி நின்று படமெடுக்க வேண்டும்; கிட்ட நின்றால் மூக்கு பெரிதாகி அளவு பிசகும். அளவுநாடா இல்லாவிட்டாலும் டயரில் எழுதியிருக்கும் எண் உதவும். 7.50-16 என்றிருந்தால் அகலம் ஏழரை அங்குலம், ரிம் 16 அங்குலம். அப்படிப்பட்ட டயரின் வெளிவிட்டம் சுமார் 80 சென்டிமீற்றர், 1/24இல் 33 மில்லிமீற்றர். படத்தில் அந்த டயரை அளவுகோலாக வைத்துக்கொண்டால், கெபினின் உயரம், இடைவெளிவிட்டு அடித்த பக்கப் பலகைகள், பின்கதவின் கொண்டி வரை எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். மடுவத்தில் கொழுந்து நிறுத்து ஏற்றி முடியும்வரை லொறி அங்கேயே நிற்கும். இத்தனையையும் படமெடுக்க அந்த நேரம் தாராளம்.