கடல் நீர்நாயும் கடற்பாசிக் காடும்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை 'மச்ச நியாயம்' என்று முன்னோர் வழங்கினர். அரசனில்லா நாட்டின் சீர்கேட்டிற்கு அவர்கள் கண்ட உவமை அது. ஆயின், கடலின் இயல்பை நுணுகி நோக்குமிடத்து, உண்போன் இல்லாமையே சிலவிடங்களிற் சீர்கேட்டிற்கு வித்தாகின்றது என்பது புலனாகும். இதற்குத் தக்க சான்று, வட பசுபிக் சமுத்திரத்தில் அலாஸ்காவுக்கும் கம்சாட்காவுக்கும் இடையே வில்லென வளைந்து கிடக்கும் அலூசியன் தீவுகளிற் கிடைத்தது.

இத்தீவுகளைச் சூழ்ந்த குளிர்நீரில் 'கெல்ப்' எனப்படும் பெரும் பழுப்புப் பாசிகள் செறிந்து வளர்கின்றன. ஈழத்தைச் சூழ்ந்த வெப்பக் கடலில் இவை வளர்வதில்லை; ஆதலின் இங்குள்ள மாணவர் இவற்றை நேரிற் கண்டிரார். அடியிலுள்ள பற்றுறுப்பாற் பாறையைப் பிடித்துக்கொண்டு, நீர்மட்டம்வரை உயர்ந்து தழை பரப்பி நிற்கும் இவற்றின் தொகுதியைக் காடு என்றே கூறுதல் தகும். அலையின் வேகத்தை அது தணிக்கின்றது, மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாகின்றது. உதிர்ந்து சிதையும் அதன் துணுக்குகளை நீரினின்றும் வடித்துண்டு பாறைகளில் ஒட்டி வாழும் மட்டியினங்கள் விரைந்து வளர்கின்றன.

இக்காட்டிற்குப் பகை கடல் முள்ளெலி. உருண்டை ஓட்டின்மேல் முட்கள் செறிந்த இச்சிற்றுயிர், பாசியின் பற்றுறுப்பையே அரித்துவிடும்; பிடிப்பிழந்த பாசி முழுவதும் அலையோடு போய்விடும். இம்முள்ளெலியை விரும்பியுண்பது கடல் நீர்நாய். திமிங்கிலம், சீல் முதலியவற்றிற்குள்ள கொழுப்புப்படை இதற்கில்லை. அடர்ந்த மயிரும் ஓயாத உணவுமே இதனைக் குளிரினின்றும் காப்பன. நாளொன்றுக்குத் தன் உடல்நிறையில் ஏறக்குறையக் காற்பங்கு உணவு இதற்கு வேண்டும். மல்லாந்து மிதந்தபடி, மார்பின்மேல் ஒரு கல்லை வைத்து, ஓட்டை அதன்மீது மோதியுடைத்துத் தின்னும் இதன் திறமை வியக்கத்தக்கது.

அம்மயிரே அதற்குக் கூற்றாயிற்று. 1741ஆம் ஆண்டு அலாஸ்காக் கரையைக் கண்ட விட்டஸ் பேரிங்கின் குழுவினருள் உயிர்தப்பி மீண்டோர் கொணர்ந்த தோல்கள் இரஷ்ய வணிகரை அத்திசைக்கு ஈர்த்தன. 1911ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்று வேட்டையைத் தடுத்தபோது, எஞ்சியிருந்தவை ஈராயிரத்துக்கு மேற்படா என மதிப்பிடப்படுகின்றது. பின்னர் அம்சிட்கா முதலிய தீவுகளில் அவை மீண்டும் பெருகின. மேற்கோடியிலுள்ள செம்யா முதலிய தீவுகளிலோ அவை இல்லாமலே இருந்தன.

1970இல் அம்சிட்காவுக்குச் சென்ற ஜேம்ஸ் எஸ்டிஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், பாசிக்காடு நீர்நாயை எவ்வாறு பேணுகின்றது என்று ஆராயவே எண்ணியிருந்தார். அங்கு வந்த ரொபேட் பெயின் என்னும் அறிஞர், நீர்நாய் பாசிக்காட்டிற்கு என்ன செய்கின்றது என்று வினாவைத் திருப்பிக் கேட்குமாறு தூண்டினார். அவ்வாறு கேட்பதற்கு அவரிடம் காரணமிருந்தது. 1963 முதல் வாஷிங்டன் மாநிலக் கரையொன்றில் அவர் நட்சத்திர மீன்களைப் பாறையினின்றும் அகற்றி வந்தார். அவற்றுக்கு இரையாகிய மட்டிகள் பெருகி இடமெல்லாம் கவர்ந்தமையால், பதினைந்தாயிருந்த உயிரினங்கள் எட்டாகக் குறைந்தன. வளைவொன்றின் உச்சிக்கல்லை உருவினால் ஏனைய கற்களும் சரிவது போன்றது இது. அதனால் இத்தகைய உயிரினத்திற்கு உச்சிக்கல்லின் பெயரையே அவர் 1969இற் சூட்டினார்.

எஸ்டிஸ் செம்யாவில் நீரினுள் மூழ்கிய அளவில் விடை கிடைத்துவிட்டது. அம்சிட்காவிற் பாசி செறிந்திருந்தது. முள்ளெலிகள் சிறியனவாய் ஒதுங்கியிருந்தன. செம்யாவின் கடலடியிலோ பருத்த முள்ளெலிகள் விரிப்பெனப் பரந்திருந்தன, பாசிக்காடு இல்லை. ஜோன் பல்மிசானோவுடன் இணைந்து இதனை அவர் 1974இல் வெளியிட்டார்.

இரு தீவுகளுக்கிடையே வேறு வேறுபாடுகளும் இருத்தல் கூடும் என ஐயுறுவது நியாயமே. அவ்வையத்தைத் தீர்த்தது ஒரு துன்ப நிகழ்ச்சி. 1990களில் அலூசியன் கரைகளில் நீர்நாய்கள் விரைந்து அருகின. கொலைத்திமிங்கிலங்கள் அவற்றைத் தின்னத் தொடங்கியமையே காரணம் என 1998இல் எஸ்டிஸ் குழுவினர் உரைத்தனர். அத்திமிங்கிலங்கள் இரையை மாற்றியது ஏன் என்பது இன்றும் வாதத்திற்குரியது. விளைவு பற்றி வாதமில்லை. ஏடாக் தீவில் 1987க்கும் 1997க்கும் இடையில் முள்ளெலிகளின் மொத்த நிறை எட்டு மடங்காயிற்று. பாசியின் செறிவு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. ஒரே தீவு, ஒரே கடல். நீங்கியது நீர்நாய் மட்டுமே.

எனினும் நீர்நாயை எல்லோரும் வரவேற்கின்றனர் என்பதற்கில்லை. 1965 முதல் 1969 வரை தென்கீழ் அலாஸ்காவில் ஏறக்குறைய 400 நீர்நாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. அவை பரவிய இடங்களிற் பாசிக்காடு மீண்டது. நண்டும் மட்டியும் குறைந்தன. அவற்றைப் பிடித்து வாழ்வோர் முறையிடுகின்றனர், அம்முறைப்பாடு பொய்யன்று. ஆயின் அவர்கள் இழந்ததாகக் கூறும் பெருவளம், அக்கரையில் நீர்நாயே இல்லாதிருந்த காலத்திற் பெருகிய வளமாகும்.