மரத்தில் பதித்த பித்தளை மங்காதிருக்க

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அது நிறம் மாறுவதற்கு முக்கியக் காரணம் செம்பு. ஈரக்காற்றில் அது பழுப்பேறும். கந்தக வாயு பட்டால் கறுக்கும். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பூக்கும். தொட்ட விரலின் வியர்வை காய்ந்தாலே போதும், கைரேகை அதில் கறையாக நின்றுவிடும்.

மரத்தோடு சேரும்போது சிக்கல் கூடுகிறது. ஓக் போன்ற மரங்கள் அசிட்டிக் அமில ஆவியைக் கசியவிடும். மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பமிலம் செம்போடு கூடிப் பச்சைப் பிசுக்காகும். குடத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் கழுவிக் கவிழ்த்துவிடலாம். கதவில் பதித்த பூணை அப்படிக் கழுவ முடியாது. இடுக்கில் தங்கும் புளி மறுபடி களிம்பை வரவழைக்கும், கறுப்பு அழுக்கு மர ரேகைக்குள் இறங்கிவிடும். உத்தரப் பிரதேசத்து மைன்புரியில் சீசம் மரத்தில் மெல்லிய பித்தளைக் கம்பியைத் தட்டிப் பதிக்கும் 'தார்க்கசி' வேலைப்பாட்டில், தேய்க்கத் தேய்க்கக் கம்பியே குறைந்துபோகும். ஆகவே துலக்குவதைவிடக் காற்றையும் ஈரத்தையும் தடுப்பதே முக்கியம்.

அமோனியா கலந்த பாலிஷை ஒதுக்கிவிட வேண்டும். தட்டியும் இழுத்தும் உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அமோனியா பட்டால் பித்தளை விரிசல் விடும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் இருப்பு வைத்த பித்தளைத் தோட்டாக்கள் இப்படித்தான் பிளந்தன. லாயத்து அமோனியாவே காரணம் என்பது பிறகு, 1921இல், விளக்கப்பட்டது.

கழற்றக்கூடிய பட்டைகளைக் கழற்றி, மெருகேற்றி, அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போக்க வேண்டும். பிறகு வெறுங்கை படாமல் அக்ரிலிக் லேக்கரை மெல்லிதாக இரண்டு முறை பூசலாம். செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்த லேக்கர் இன்னும் நல்லது. கழற்ற முடியாத பதிப்பு வேலையில், உப்புத்தாள் போட்ட அன்றே மரத்துக்கும் உலோகத்துக்கும் சேர்த்துப் பூச வேண்டும். ஈரத்துக்கேற்ப மரம் உப்பிச் சுருங்கும். பித்தளை அப்படியே நிற்கும். அதனால் பூச்சு முதலில் விரிசல் விடுவது இரண்டும் சந்திக்கும் விளிம்பில்தான். அங்கே கறுப்பு ஓடத் தொடங்கினால் மேலே இன்னொரு பூச்சு உதவாது. பழையதை முழுக்க நீக்கித்தான் மறுபடி பூச வேண்டும்.

கைப்பிடி போல அடிக்கடி தொடும் இடங்களில் லேக்கர் தேய்ந்து திட்டுத்திட்டாகும். அங்கே நுண்படிக மெழுகு பொருத்தமானது. தேய்ந்த இடத்தில் மட்டும் மீண்டும் தடவிக்கொள்ளலாம். பழங்காலக் கதவுகளின் பழுப்பைச் சுரண்டக் கூடாது. களிம்பை மட்டும் மூங்கில் குச்சியால் மெல்ல எடுத்துவிட்டு மெழுகு பூசினால் போதும்.