நியூயார்க்கில் போருக்கு முந்தைய வீடு

நியூயார்க்கில் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய அடுக்குமாடி வீடுகளை ‘ப்ரீவார்’ என்று சொல்லித்தான் தரகர்கள் விற்கிறார்கள். பெரும்பாலும் 1900க்கும் 1940க்கும் இடையில் எழுந்தவை. எல்லா அறைக்கும் வெளியே திறக்கும் ஜன்னல், வீட்டுக்கு வீடு தனிக் கழிப்பறை என்று 1901ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. இந்த வீடுகள் பலவற்றில் குளியலறைக்கும் ஜன்னல் இருப்பது அதனால்தான்.

ஒரு படுக்கையறை வீடு என்றாலும் வாசற்கதவு நேரே கூடத்தில் திறக்காது. நடுவே சிறிய முன்னறை இருக்கும்; பலர் அங்கே சாப்பாட்டு மேசை போட்டுக்கொள்கிறார்கள். கூரை உயரமாக இருக்கும். தரை ஓக் மரம், சுவர் கனமான காரைப்பூச்சு. அடுத்த வீட்டு டிவி சத்தம் அவ்வளவாகக் கேட்காது. ஜன்னலடியில் நீராவி ரேடியேட்டர். கொதிகலன் அடித்தளத்தில் இருப்பதால் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் குடியிருப்பவர் கையில் இல்லை; கடுங்குளிரிலும் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. நீராவிக் குழாயில் தண்ணீர் தங்கினால் நடுராத்திரியில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் வரும்.

‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற விளம்பரத்தில் கண்ணில் படுவது கல் பதித்த சமையல் மேடையும் புது டைல்ஸும்தான். பார்க்கவேண்டியது சுவருக்குள். சில விளக்குகளுக்கும் ஒரு வானொலிக்கும் கணக்கிட்டுப் போட்ட ஒயரிங்கை மாற்றாமல் விட்டிருந்தால், ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும்போது மின்சாரம் ட்ரிப் ஆகும். வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் நகரத்தில் 1960இலும், நாடு முழுவதும் 1978இலும் தடை செய்யப்பட்டது. புதுப் பூச்சுக்கு அடியில் பழையது இருக்கலாம். ஈயம் இருப்பது தெரிந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்த்திருந்தால் நகரக் கட்டடத் துறையின் அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. குளியலறையை இடம் மாற்றுவது இன்னும் சிரமம்: கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேலே தண்ணீர் புழங்கும் அறை வருவதைப் பல கட்டடங்கள் அனுமதிப்பதில்லை.

ப்ரீவார் கட்டடங்களில் பல ‘கோ-ஆப்’ வகையைச் சேர்ந்தவை. அங்கே பத்திரம் பதிந்து வீடு வாங்குவதில்லை. கட்டடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் கம்பெனியில் பங்கு வாங்கி, அந்தப் பங்குக்குரிய வீட்டில் குத்தகை உரிமையோடு குடியேறுகிறார்கள். வாங்க வருபவரின் சம்பளம், சேமிப்பு, கடன் எல்லாவற்றையும் நிர்வாகக் குழு அலசும்; நேரிலும் கூப்பிட்டுப் பேசும். இனம், மதம் போன்ற காரணங்களுக்காக மறுக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் காரணமே சொல்லாமல் மறுக்க முடிகிறது, சிக்கலே அதுதான்.

நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸ் இந்த வகைக் கட்டடங்களுக்கு நல்ல உதாரணம். இன்று புடவைக் கடைக்கும் மளிகைக்கும் தெற்காசியர்கள் தேடிப் போகும் இடம். 1917இல் ரயில் வந்தபின், நடுவில் தோட்டம் விட்டு வரிசையாகக் கட்டிய குடியிருப்புகள் பல 1920களிலேயே கோ-ஆப் முறையில் விற்பனைக்கு வந்தன. 1993இல் இதன் ஒரு பகுதி வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால், அங்கே ஜன்னலை மாற்றவும் நகரச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

விலையோடு செலவு முடிவதில்லை. சொத்து வரி, வெப்பம், ஊழியர் சம்பளம், கட்டடத்தின் பேரில் உள்ள கடன் எல்லாம் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையில் வரும். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் வெளிச்சுவரைப் பரிசோதிக்க வேண்டும். செங்கல் தளர்ந்திருந்தால் பழுதுச் செலவு பங்குக் கணக்குப்படி எல்லார் தலையிலும் விழும். வாங்குபவரின் வழக்கறிஞர் கையெழுத்துக்கு முன் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டுவது இதற்காகத்தான்.